வடக்குப் பார்த்த கண்ணாடி

போன தை மாதம் ஓர் அறக்கட்டளைக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். பொள்ளாச்சி சாலையில் தொழிற்பயிற்சி நிலையம் கட்டப்போகிறார்களாம். ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன், கொத்தனார் வேலை என ஐந்து பிரிவு. ஃபிட்டர் பிரிவில் 31 வருஷம் பையன்களோடு மல்லுக்கட்டியவன் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். கட்டட வரைபடம் போட்ட இளம்பெண்ணும் கூட வந்திருந்தார். காகிதத்தை விரித்ததும் என் கண் மேற்குச் சுவரில் போய் நின்றுவிட்டது. தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி.

"மேக்கால முழுக்கக் கண்ணாடி வெச்சிருக்கீங்களே, அம்மிணி?"

"அதுதான் ரோட்டுப் பக்கம் சார். எலிவேஷன் நல்லா இருக்கும். வெயிலுக்கு ஏ.சி. போட்டுக்கலாம்."

"வெல்டிங் ஷாப்புக்குமா?"

அவர் சிரித்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப நீங்க எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க சார்" என்று பென்சிலை என் பக்கம் நகர்த்தினார். நான் வரைபடத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கூரைகளை வரைய ஆரம்பித்தேன். தொழில் கற்றுக்கொடுக்கும் கட்டடத்தின் கதை பெரும்பாலும் அதன் கூரையின் கதைதான்.

அன்றைய சென்னை மாகாணத்தில் தொழிற்கல்விக்கென்று எழுந்த பழைய நிறுவனங்களில் முதலில் சொல்ல வேண்டியது சென்னையில்தான் இருக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் பிராட்வேயில் தன் சொந்த முயற்சியில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். மறு வருஷம் தொழிற்பிரிவு சேர்ந்தது. 1852-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போய், இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருப்பது அதுதான். ஓவியத்துக்குப் பேர்போன இடம் என்றே பலரும் நினைக்கிறோம். ஹண்டர் காலத்தில் அங்கே உள்ளூர்க் களிமண்ணைச் சோதித்துச் செங்கல், ஓடு, மண்பாண்டம் செய்து பார்த்தார்கள். 1898 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதே பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். ஆக, கட்டுகிற பொருளையே பாடமாக வைத்த பள்ளி அது. தெற்கே நாசரேத்தில் மர்காஷிஸ் பாதிரியார் 1878-இல் கைத்தொழிற்பள்ளி ஆரம்பித்தார். மேற்குக் கரையில் பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை வைத்தார்கள். நாம் இன்றும் 'மங்களூர் ஓடு' என்று சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

அந்த ஓட்டைச் சும்மா நினைக்கக் கூடாது. ஓட்டுக்கு ஓடு இடுக்கு இருக்கும். உள்ளே ஏறும் சூடு அந்த இடுக்கு வழியாகவே வெளியேறும். ஓடு மழையில் ஈரத்தைக் குடித்து, வெயிலில் அதை விடும்போது குளிரும். காசில்லாத ஏ.சி. அது. குரங்கு ஏறினால்தான் வம்பு.

அந்தக் காலத்துப் பெரிய கட்டடங்களுக்கு இன்னொரு கூரை உண்டு: மெட்ராஸ் டெரஸ். எனக்கு அது புத்தகத்தில் படித்த விஷயமல்ல. என் அப்பத்தா இளம் வயதில் தளம் அடிக்கும் வேலைக்குப் போனவர். தேக்கு உத்தரத்தின் மேல் குறுக்குச் சட்டம், அதன்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் வரிசை, இடையில் சுண்ணாம்புச் சாந்து. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். "கட்டை பொத்துனு விழுந்தா இன்னும் அடிக்கோணும், டங்குனு துள்ளுனா போதும்" என்பார் அப்பத்தா. சாகும்வரை அவருடைய வலது உள்ளங்கையில் அந்தக் காய்ப்பு இருந்தது. மேலே தட்டோடு பதித்து முடித்தால், பகல் முழுக்க விழும் சூடு அந்தத் தடிமனைக் கடந்து கீழே இறங்கச் சாயங்காலம் ஆகிவிடும். நாலரை மணிக்கு மணியடித்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் பள்ளிக்கு அதைவிடப் பொருத்தமான கூரை கிடையாது. ராத்திரி சூடாக இருக்குமே என்றால், ராத்திரியில் அங்கே யார் படுக்கிறார்கள்?

ஆனால் உத்தரத்தின் நீளம்தான் அறையின் அகலம். லேத், டிரில்லிங் மெஷின் எல்லாம் வரிசையாக நிறுத்த அகலமான கூடம் வேண்டும். அகலம் கூடினால் நடுக்கூடம் இருட்டு. அந்த இருட்டுக்கு மருந்தாகக் கோயம்புத்தூருக்கு வந்ததுதான் மில் கூரை.

இங்கே 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. பின்னால் வரிசையாக நூற்பாலைகள். என் அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் வைண்டிங் வேலை பார்த்தார். ஆயுத பூஜைக்கு எங்களை உள்ளே கூட்டிப்போவார். அண்ணாந்து பார்த்தால் கூரை ரம்பப் பல் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் நீளச் சாய்வு, மறுபக்கம் குட்டையான கண்ணாடி. கண்ணாடிகள் எல்லாம் வடக்கைப் பார்த்திருக்கும். 'நார்த் லைட்' என்பார்கள். அத்தனை பெரிய கூடத்தில் எங்கே நின்றாலும் ஒரே அளவு வெளிச்சம். நிழலே விழாத இடம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கூரை லாங்கஷயர் மில்களிலிருந்து வந்தது. அங்கே அதை வைத்தவர்கள் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வைக்கவில்லை. அப்போது மில்லில் மின்சாரமே கிடையாது. எண்ணெய் விளக்கும் கேஸ் விளக்கும் காசு தின்னும், பஞ்சில் தீப்பிடிக்கும். அறுந்த நூல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதனால் வானத்து வெளிச்சத்தை வாங்கிக்கொண்டார்கள், வெயிலை வாங்காமல்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வகுப்பில் நான் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். மான்செஸ்டர் ஏறக்குறைய 53½ டிகிரி வடக்கில் இருக்கிறது. ஆனி மாதத்திலேயும் அங்கே நடுப்பகல் சூரியன் தெற்கே 60 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. அதனால் வடக்குப் பார்த்த கண்ணாடியை 60 டிகிரி சாய்த்து வைத்தாலும் நடுப்பகல் வெயில் அதில் படாது. அதே கண்ணாடியை அதே சாய்வில் 11 டிகிரியில் இருக்கும் கோயம்புத்தூரில் வையுங்கள். மார்கழியை ஒட்டிய இரண்டு மாதம் போக, மற்ற பத்து மாதமும் நடுப்பகல் வெயில் நேரே உள்ளே இறங்கும். போதாததற்கு, சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியனே நமக்கு வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. நம் ஊர் மில்லில் சீமைக் கணக்கை அப்படியே இறக்கிய இடத்தில் கண்ணாடிக்கு நீலமோ சுண்ணாம்போ பூசியிருப்பதைப் பார்க்கலாம். விவரம் தெரிந்தவர்கள் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே கூரையை முன்னால் நீட்டினார்கள். 4 அடி உயரக் கண்ணாடிக்கு ஓர் அடி நீட்டினால் நடுப்பகலுக்குப் போதும்.

1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தது. கோவையின் தலையெழுத்தே மாறியது. 1937-இல் இந்த ஊரிலேயே மின்மோட்டார் செய்தார்கள். பட்டறைக்குள்ளும் ஒரு புரட்சி நடந்தது. அதுவரை கூரையடியில் ஒரு நீளத் தண்டு சுற்றும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தோல் பெல்ட் தொங்கும். ஒரு பையன் ஒரு போல்ட் கடைந்தாலும் மொத்தத் தண்டும் சுற்றியாக வேண்டும். மெஷினுக்கு மெஷின் தனி மோட்டார் வந்ததும் அந்த விரயம் நின்றது. நியாயமாகப் பார்த்தால் நம் பட்டறைகளில் நடந்த பெரிய மின்சிக்கனம் அதுதான். ஆனால் கூடவே ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. 'வெளிச்சம் வேண்டுமா, ஸ்விட்சைப் போடு.' ஜன்னல் எந்தப் பக்கம் என்ற கேள்வி மெல்ல மறைந்தது.

எல்லோரும் மறக்கவில்லை. அதே 1937-இல் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி வேலை தொடங்கியது. அன்டோனின் ரேமண்ட் வரைந்தார். ஜார்ஜ் நாகஷிமா களத்தில் நின்று கட்டினார். அது தொழிற்பள்ளி கிடையாது. ஆனாலும் எனக்கு அதில் ஓர் உறவு உண்டு. ஆசிரமத்துச் சாதகர்களே கான்கிரீட் போடக் கற்றுக்கொண்டார்கள். கீலும் தாழும் ஆசிரமப் பட்டறையிலேயே பித்தளையில் செய்யப்பட்டன. கட்டடம் கட்டிக்கொண்டே தொழில் கற்ற இடம். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்க, வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதில் திருப்பக்கூடிய பட்டைகள். கூரைக்கு மேல் இன்னொரு வளைந்த ஓட்டுக் கூரை, நடுவில் காற்று. அந்தப் பட்டைகள் எதில் செய்தவை தெரியுமா? கல்நார் சிமென்டில். நான் அதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. காரணம், என் ஆயுசில் பாதியைக் கல்நார் சிமென்டுக்குக் கீழேதான் கழித்தேன். பொருள் ஒன்றுதான். அவர்கள் அதை நிழலுக்கு நிறுத்தினார்கள். நாங்கள் அதை வெயிலில் படுக்கப் போட்டோம்.

இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில், 1945-இல், படையிலிருந்து திரும்பும் சிப்பாய்களுக்கு வேலையும் பயிற்சியும் தர ஓர் இயக்குநரகம் அமைத்தார்கள். 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. இன்றைய ஐ.டி.ஐ. எல்லாவற்றுக்கும் அதுதான் தாய்வேர். 1961-இல் தொழில் பழகுநர் சட்டம். நாட்டுக்கு ஆயிரக்கணக்கில் கைவேலைக்காரர்கள் உடனே வேண்டும். சிமென்டும் இரும்பும் கட்டுப்பாட்டில் கிடைத்த காலம். அதனால் கட்டடமும் அவசரக் கட்டடம்: இரும்பு டிரஸ், அதன்மேல் 6 மில்லிமீட்டர் தடிமனில் கல்நார் ஷீட். நார்த் லைட் கூரையை ஏன் விட்டார்கள் என்று குறை சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு சாய்வு சேரும் பள்ளத்தில் தகரக் கால்வாய் இருக்கும். இலை அடைத்தால் மழைத்தண்ணீர் நேரே லேத் மேல் ஊற்றும். ஷீட்டுக் கூரை ஒழுகாது, சீக்கிரம் ஏறும், மலிவு. அந்த அவசரத்தில் அது சரியான முடிவுதான். அவசரம் முடிந்த பிறகும் அறுபது வருஷம் அதையே தொடர்ந்ததுதான் தப்பு.

நான் 1974-இல் பயிற்சியில் சேர்ந்தது ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில். பிறகு வேலைக்குப் போய்ச் சேர்ந்த இடம் ஒரு ஷீட் ஷெட். நீளவாட்டம் தெற்கு வடக்கு. மேற்குச் சுவர் முழுக்க ஜன்னல். பேரைச் சொல்ல வேண்டாம். பேர் தெரிந்தும் பயனில்லை, அப்படி நூறு ஷெட் இருக்கிறது.

மத்தியான வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மேற்கு ஜன்னலோரத்து மெஷினில் ஒரு பையன் 100 மில்லிமீட்டர் நீளத் துண்டை அளவுக்குக் கொண்டுவந்திருந்தான். மைக்ரோமீட்டரை ஸ்டோரிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்தான். அளந்தான், சரியாக இருந்தது. மறுநாள் காலை நான் அளந்தேன். இரண்டு பிரிவுக்கு மேல் குறைந்தது. பையன் அழாத குறை. "சாமி சத்தியமா நேத்து சரியா இருந்துச்சு சார்" என்றான். அவன் சொன்னது உண்மை. எஃகு 1 டிகிரி சூடேறினால் 100 மில்லிமீட்டருக்கு 0.00115 மில்லிமீட்டர் நீளும். அளவுக்கருவியைவிடத் துண்டு 20 டிகிரி சூடாக இருந்தால் 0.023 மில்லிமீட்டர். மைக்ரோமீட்டரின் ஒரு பிரிவு 0.01. உலகம் முழுக்க அளவெடுப்பது 20 டிகிரி வெப்பத்தில் என்று 1931-இலேயே முடிவு செய்துவிட்டார்கள். நம் ஷெட்டில் 20 டிகிரி மார்கழி விடியலில் வந்தால் உண்டு. அந்தப் பையனுக்கு மார்க்கைக் குறைத்தது நான். குறைத்திருக்க வேண்டியது மேற்குச் சுவருக்கு.

வெளிச்சமும் அப்படித்தான். சாக்பீஸ் பொடி தடவிய தகட்டில் ஸ்க்ரைபரால் கோடு கீறும்போது நேர்வெயில் விழுந்தால் கண் கூசிக் கோடு தெரியாது. ஜன்னலை அட்டை வைத்து அடைப்பார்கள். இருட்டாகும். ட்யூப் லைட் போடுவார்கள். பழைய சோக் வைத்த ட்யூப் லைட் நொடிக்கு 100 தடவை அணைந்து எரியும். அறுபட்டைக் கம்பியை லேத்தில் மாட்டி 1000 ஆர்.பி.எம்.மில் சுற்றினால், அதன் ஆறு முனையும் சேர்ந்து நொடிக்குச் சரியாக 100 தடவை கடக்கும். சுற்றுகிற கம்பி அசையாமல் நிற்பது போலத் தெரியும். நின்றுவிட்டது என்று கை வைக்கப்போன பையனின் சட்டைக் காலரைப் பிடித்து நான் இழுத்தேன். அன்றைக்கே அடுத்தடுத்த விளக்குகளை வேறு வேறு ஃபேஸில் மாற்றிக் கொடுத்தார்கள். பகல் மூன்று மணி அது. வெளியே ஊரெல்லாம் வெளிச்சம்.

வந்தவர்களுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது காபி ஆறிப்போயிருந்தது. அறக்கட்டளைப் பெரியவர் கேட்டார்: "இப்ப இதுக்கெல்லாம் சட்டம் இருக்குதுங்களே?" இருக்கிறது. 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம், 2007-இல் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு. அது பெரிய இணைப்புச் சுமை உள்ள வணிகக் கட்டடங்களை மனத்தில் வைத்து எழுதியது. நாலு லேத்தும் இரண்டு வெல்டிங் செட்டும் வைத்த ஷெட் அந்த வலையில் விழாது. அங்கே சிக்கனம் என்பது கட்டுகிறவர் மனசைப் பொறுத்தது.

பின்பக்கக் காகிதத்தில் நான் போட்டது இதுதான். கட்டடத்தைத் திருப்பிக் கிழக்கு மேற்காகப் படுக்கவையுங்கள். ஃபிட்டருக்கும் டர்னருக்கும் நார்த் லைட் கூரை. கண்ணாடி செங்குத்து, மேலே ஓர் அடி நீட்டம், காலை மாலைச் சாய்வு வெயிலுக்குப் பக்கச் சிறகுகள். பள்ளத்துக் கால்வாய் ஓர் ஆள் நடந்து கூட்டும் அகலம் இருக்கட்டும். ஒழுகியதெல்லாம் யாரும் கூட்டாததால்தான். தெற்குப் பார்த்த நீளச் சாய்வை 11, 12 டிகிரிக்கு வைத்தால் சோலார் பலகைக்கு அதுவே கைவாகான இடம். எலக்ட்ரீஷியன் பிரிவுப் பையன்களுக்குக் கூரையே பாடப்புத்தகம்.

மேற்குதான் சிக்கல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வரும் காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கிறது. சித்திரை வெயிலும் சாயங்காலம் அங்கிருந்துதான் அடிக்கிறது. அடைத்தால் காற்றுப் போகும், திறந்தால் வெயில் வரும். அதற்கு அகலமான திண்ணை, அதன் வெளி ஓரத்தில் செங்கல் ஜாலிச் சுவர், அதற்கு முன்னால் வேப்ப மரம். வெல்டிங் ஷாப் கிழக்குக் கோடியில் இருக்கட்டும். அப்போது புகை யார் முகத்திலும் அடிக்காமல் வெளியே போகும். வகுப்பறைகளுக்கு இரட்டைக் கூரை, நடுவில் காற்று. ஏ.சி. ஒரே ஓர் அறைக்கு: அளவுக்கருவி வைக்கும் அறைக்கு. அங்கே 20 டிகிரி வேண்டும்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். போகும்போது கேட்டார்: "இவ்வளவு தெரிஞ்சும் அப்ப ஏன் சார் யாரும் கட்டல?"

யோசித்துப் பார்த்தேன். மில் முதலாளிக்கு விளக்கு எண்ணெய்ச் செலவு கணக்கில் வந்தது. வடக்குக் கண்ணாடி வைத்தார். அரசுக்கு இரும்பும் சிமென்டும் கணக்கில் வந்தன, ஷீட் போட்டார்கள். ஷெட்டுக்குள் ஏறுகிற சூடு மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அந்த பில்லைக் கட்டியவர்கள் பதினாறு வயதுப் பையன்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தூங்கி விழுந்தவனை "சோம்பேறி" என்று நாங்களே திட்டினோம்.

இரண்டு மாதம் கழித்துப் புதிய வரைபடம் வந்தது. கட்டடம் திரும்பியிருந்தது. மேற்குக் கண்ணாடி போய்விட்டது. நார்த் லைட்டை இரண்டு கூடத்துக்குக் கேட்டேன், ஒரு கூடத்துக்குத்தான் கொடுத்தார்கள். மற்றதற்குப் பணம் இல்லையாம். ஜாலிச் சுவரைக் கொத்தனார் பிரிவின் முதல் அணிப் பையன்களே கட்டப்போகிறார்கள் என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

உங்கள் ஊரிலும் ஓர் ஐ.டி.ஐ. இருக்கும். வருகிற சித்திரையில் ஒருநாள் பகல் இரண்டு மணிக்கு அதன் ஷெட்டுக்குள் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். பிறகு அங்கே அரம் பிடித்து நிற்கும் பையனின் பக்கத்தில் போய், மைக்ரோமீட்டரை வாங்கி நீங்களே ஓர் அளவு எடுங்கள். அவனுக்கு மார்க் போடுவதற்கு முன்னால், அந்தக் கூரைக்கு எத்தனை மார்க் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.